கண் கண்ட சாட்சி!

"கண்ணால் கண்டேன்" என்று ஒருவர் கூண்டேறிக் கூறிவிட்டால், பிறகு ஆராய்ச்சி ஏது என்பர் பலர். அவர்கட்கு ஆஸ்கர் ஸ்லேட்டரின் கதையைக் கூற விழைகிறோம்.

1908 டிசம்பர் 21. கிளாஸ்கோ நகரிலே, மரியன் கில்கிறிஸ்ட் எனும் மூதாட்டி தம் இல்லத்திலே அடித்துக் கொல்லப்பட்டார். வெளியேறியவனை நொடிப்பொழுது கண்டோர் மூவர்: பணிப்பெண், அண்டை வீட்டார், தெருவிலே 14 வயதுச் சிறுமி. ஐயம், ஜெர்மானிய யூதரான ஸ்லேட்டர் மீது விழுந்தது. அவர் அடகு வைத்த வைர நகை மூதாட்டியுடையதன்று என்று தெளிவான பிறகும் ஐயம் அகலவில்லை! நியூயார்க்கிலே அடையாளம் காட்டுமுன்பே சிறுமிக்கு அவர் படம் காட்டப்பட்டிருந்தது. அவள் சுட்டியது ஓடியவனையா, படத்தில் இருந்தவரையா?

கொலை நேரத்தில் வீட்டில் உணவருந்தியதாகக் கூறினார் ஸ்லேட்டர். உடன் வாழ்ந்தவளும் வேலைக்காரியும் ஆமென்றனர். எடுபடவில்லை. ஒழுக்கங்கெட்டவன் வீட்டுப் பெண்களன்றோ! நல்லோனுக்குரிய 'குற்றமற்றவன்' எனும் துவக்க நம்பிக்கை இத்தகையோனுக்கு அவ்வளவாக இல்லை என்ற பொருளில் ஜூரிக்கு அறிவுரைத்தார், நீதிபதி கத்ரி. ஆளைப் பார்த்துத் தண்டனையை அளந்த மனுவை அறிந்த நமக்கு இது புதிதன்று.

1909 மே மாதம், 15 ஜூரர்களில் 9 பேர் குற்றவாளி என்றனர். அந்நாட்டில் அன்று அதுவே போதுமானதாக இருந்தது. தூக்கு, ஆயுள் தண்டனையாயிற்று. எழுத்தாளர் கோனன் டாயில் 1912-இல் நூலெழுதி வாதாடியும், 1927 நவம்பரில்தான் சிறைக் கதவு திறந்தது. 1928-இல் தீர்ப்பு நீக்கப்பட்டது, நீதிபதியின் அந்த அறிவுரை பிழை என்பதற்காக. அம்மூவர் கண்டது யாரை என்பதை, நீக்கிய மன்றமும் கூறவில்லை.