ஐயன் அமைத்த கரைகள்

தஞ்சை நாயக்கர்களின் அமைச்சர் கோவிந்த தீட்சிதர், காவிரிப் படுகையின் பொதுவெளிகளை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை, செவ்வப்பர், அச்சுதப்பர், இரகுநாதர் என மூன்று தலைமுறை மன்னர்களிடம் பணியாற்றினார். மக்கள் அவரை ஐயன் என்றார்கள். தஞ்சாவூரின் ஐயன்குளமும் ஐயன்கடைத் தெருவும், கும்பகோணம் சாலையிலுள்ள ஐயம்பேட்டையும் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கின்றன. பட்டீஸ்வரம் கோயிலில் அவருக்கும் மனைவி நாகம்மாளுக்கும் சிலைகள் உண்டு.

அவர் பணிகளில் பெரும்புகழ் பெற்றது கும்பகோணத்து மகாமகக் குளம். தீர்த்தம் அவருக்கு முந்தையது. கல் படித்துறைகளும் கரையைச் சுற்றியுள்ள 16 மண்டபங்களும் அவர் காலத்தவை என்பது மரபு. ஏறக்குறைய 6 ஏக்கர் பரப்புள்ள இக்குளம் சரியான சதுரம் அன்று. உள்ளே 20 தீர்த்தக் கிணறுகள். ஒரு மண்டபத்தின் விதானத்தில் துலாபாரக் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. எடைக்கு எடை கொடுத்த பொன்னைக் கொண்டே தீட்சிதர் மண்டபங்களை எழுப்பினார் என்று ஊரார் சொல்வார்கள். பொன்னைவிட முக்கியமானது அமைப்பு: நாலு பக்கமும் இறங்கலாம், மண்டப நிழலில் காத்திருக்கலாம், ஒரு கரையிலிருந்து மறு கரையைப் பார்க்கலாம். விழா இல்லாத நாளிலும் அது ஊரின் முற்றம்.

குளத்துக்கு நீர் வரும் வழியும் குளம் அமைக்கும் கலையின் பகுதிதான். படுகையின் மேட்டு விளிம்பில் இருக்கும் தஞ்சாவூரில், நாயக்கர் காலத்தில் செவ்வப்ப நாயக்கன் ஏரியில் மழைநீர் தேங்கி, சிவகங்கைக் குளத்துக்கு வந்து, அங்கிருந்து நிலத்தடி வழியாக ஐயன்குளம் போன்ற நகர்க் குளங்களை நிறைத்தது. நெடுங்காலம் தூர்ந்து கிடந்த இந்த வழி, அண்மையில் ஸ்மார்ட் சிட்டி பணிகளின்போது சீரமைக்கப்பட்டது. கரையை மட்டும் அழகுபடுத்தி வரத்து வாய்க்காலை மறந்துவிடும் இக்காலத் திட்டங்கள் இதிலிருந்து கற்க வேண்டியது நிறைய.

கிழக்கே ஆற்றுப் பாசன வயல்களின் நடுவே குளங்கள் இன்னும் பெரியவை. வயலுக்கு ஆற்றுநீர் வந்துவிடுவதால், அங்கே குளம் நீராடலுக்கும் தெப்பத்துக்கும் ஊர் கூடுவதற்கும் உரியதாயிற்று. மன்னார்குடி ஹரித்ரா நதி சுமார் 23 ஏக்கர். திருவாரூர்க் கமலாலயம் ஐந்து வேலி, அதாவது சுமார் 33 ஏக்கர்; கோயிலும் ஐந்து வேலி என்பது அவ்வூர் வழக்கு. இரண்டு குளங்களின் நடுவிலும் தீவுபோலக் கோயில்.  குளம் அமைக்கும் மரபு கோயிலோடு மட்டும் நின்றுவிடவில்லை. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் 131 அடி மினார் எழுப்பிய நாகூர் தர்காவிலும் ஷிஃபா குண்டா என்ற குளம் உண்டு. எல்லா மதத்தாரும் அதில் நீராடுகிறார்கள்.

ஸ்தபதியும் அமைச்சரும் கோயிலாரும் சேர்ந்து செய்த வேலைக்கு இன்று நிலத்தோற்றக் கலைஞர் என்ற தனித் தொழில் இருக்கிறது. பழைய கரைகளில் அத்தொழிலுக்குரிய வேலையும் மிகுதி. 1992 மகாமக நீராட்டு விழாவில் நெரிசலில் சிக்கிச் சுமார் 50 பேர் உயிரிழந்தனர். நாயக்கர் காலக் கூட்டத்துக்குப் போதுமான கரை, பல லட்சம் பேருக்குப் போதாது. அதன்பின் 2004, 2016 விழாக்களில் குளத்தின் நீர்மட்டத்தைக் குறைத்து வைத்தார்கள். அடுத்த மகாமகம் 2028இல்.