மலைமுகம் கண்ட கண்ணாடித் தகடுகள்

அசையாத பொருளுக்கு மலையை உவமையாகக் கூறுவது நம் மொழியின் பழைய வழக்கு. போடிநாயக்கனூரை அடுத்த சிலமலையில் நின்று மேற்கே நோக்குவோர்க்கு அவ்வுவமை பொருத்தமாகவே தோன்றும். ஏலமலைத் தொடர் அங்கே மதிலென எழுந்து நிற்கிறது. பாட்டன் கண்ட மலையையே பேரனும் காண்கிறான் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால், மலையும் மாறுகிறது. மெல்லத் தேய்கிறது, சில வேளைகளில் ஒரே இரவில் உருக்குலைந்து சரிகிறது. அம்மாற்றத்தை மனித நினைவைக் கொண்டு அளக்க இயலாது. அதற்குச் சான்று வேண்டும். அச்சான்றைக் கண்ணாடித் தகடுகளில் பதித்துவைக்கக் கற்றவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நிலவியல் அறிஞர்கள். அவர்கள் இமயமலையில் எடுத்த படங்களின் வரலாறு ஏலமலைச் சாரலில் வாழ்வோர்க்கும் ஒரு படிப்பினையைத் தருகிறது. அதனை இங்கே சற்று விரிவாக நோக்குவோம்.

மலையைப் பார்த்து நிலத்தின் வரலாற்றை உணரும் கலை ஐரோப்பியரோடு தொடங்கியதன்று. கி.பி. 1030ஆம் ஆண்டையொட்டித் தம் இந்திய நூலை எழுதிய அறிஞர் அல்பிரூனி, மலையடிவாரத்து ஆறுகளில் பெரிய உருண்டைக் கற்கள் கிடப்பதையும், மலையைவிட்டு அகல அகல அவை சிறுத்துக் கடலை அணுகும்போது மணலாகி விடுவதையும் கண்டார். இச்சமவெளி ஒரு காலத்தில் கடலாக இருந்து ஆறுகள் கொண்டுவந்த வண்டலால் தூர்ந்ததாக இருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். அவர் காலத்தவரான இப்னுல் ஹைதம், இருண்ட அறையின் சிறு துளை வழியே நுழையும் ஒளி புறத்தே உள்ள பொருளின் உருவைத் தலைகீழாகச் சுவரில் வீழ்த்துவதை ஆராய்ந்து எழுதினார். ஒருவர் நிலத்தைப் படித்தார். மற்றவர் ஒளியைப் படித்தார். இவ்விரு கல்விகளும் ஒன்றுசேர எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாயின.

1851ஆம் ஆண்டு தாமஸ் ஓல்டாம் கல்கத்தாவில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் பணியைத் தொடங்கினார். அதே ஆண்டில்தான் பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் ஈரத்தகடு முறையை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, அது உலர்வதற்குள் படமெடுத்து, உலர்வதற்குள்ளேயே கழுவியும் முடிக்கவேண்டும். கால் மணி நேரம் தாழ்த்தால் தகடு வீணாகும். எனவே, படமெடுப்பவர் செல்லுமிடமெல்லாம் இருட்டுக் கூடாரமும் மருந்துப் புட்டிகளும் கண்ணாடிப் பெட்டிகளும் உடன் செல்லவேண்டியிருந்தது. சென்னை மாகாண அரசின் படக்கலைஞராயிருந்த லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரைக்கு வந்து கோயிலையும் நாயக்கர் அரண்மனையையும் படமெடுத்தார். அவர் பயன்படுத்திய முறைகள் வேறாயினும் சுமை மட்டும் குறையவில்லை.

இத்தகைய சுமையோடு இமயத்தில் ஏறியவர்களுள் தலைசிறந்தவர் சாமுவேல் பூர்ன். 1866இல் அவர் 18,600 அடி உயரமுள்ள மணிராங் கணவாயில் நின்று படமெடுத்தார். கங்கை தோன்றும் பனியாற்றின் முகப்பையும் பதிவு செய்தார். தகடுகளையும் மருந்துகளையும் முதுகில் சுமந்து ஏறிய பல பத்துக் கூலியாட்களின் உழைப்பு இல்லையேல் அப்படங்களில் ஒன்றும் நமக்குக் கிடைத்திராது. எனினும், பூர்ன் கலைஞர். அழகிய காட்சி எங்கே அமைகிறதோ அங்கே முக்காலியை நாட்டியவர். நிலவியலார்க்கு வேண்டியிருந்தது வேறு. அழகற்ற சரிவும், உடைந்த பாறையும், சேறு கலந்த பனியின் முனையுமே அவர்க்குப் பொருள். படத்தில் காணும் பாறை ஓர் ஆள் உயரமா, ஒரு பனை உயரமா என்பது தெரிய, பக்கத்தில் ஒரு சுத்தியலை வைப்பார். அன்றி ஒரு மனிதரை நிறுத்துவார். அவ்வாறு அளவுகோலாக நின்ற மலைநாட்டு மனிதர்களின் முகங்கள் படத்தில் உள்ளன. பெயர்களோ பெரும்பாலும் ஏட்டில் இல்லை.

1871இல் ரிச்சர்ட் மாடாக்ஸ் கண்டறிந்த ஜெலட்டின் உலர்தகடு, அடுத்த பத்தாண்டுக்குள் ஆலைகளில் செய்யப்பட்டுக் கடைக்கு வந்தது. இருட்டுக் கூடாரத்தின் தேவை நீங்கியது. தகட்டை மலையில் ஒளிக்குக் காட்டி, பல நாள் கழித்து ஊர் திரும்பியும் கழுவலாம் என்றாயிற்று. படக்கலையில் தேர்ச்சியில்லாத ஆய்வாளரும் இப்போது தாமே படமெடுக்க முடிந்தது. ஆய்வுக் குறிப்பேடும் சுத்தியலும் திசைகாட்டியும் இருந்த பையில் நான்காவதாகப் படப்பெட்டியும் இடம்பெற்றது.

இக்காலத்தில் வந்தவர்தாம் தாமஸ் ஹென்றி ஹாலந்து. 1890இல் ஆய்வுத்துறையிற் சேர்ந்த இவருக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தனித்தொடர்பு உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்பவரின் கல்லறைமேல் கிடந்த கரிய கல்லும், சென்னைக்கு அருகே பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் உள்ள கல்லும் ஓரினமே என்று கண்டு, அதற்குச் சார்னோக்கைட் எனப் பெயரிட்டவர் இவரே. 1900இல் இக்கல்லினத்தைப் பற்றிய பெருநூலையும் எழுதினார். ஏலமலைத் தொடரின் பெரும்பகுதி இக்கல்லினத்தால் ஆனது. சிலமலையிலிருந்து நாம் காணும் மலையின் கல்லுக்கு உலக அறிவியலில் வழங்கும் பெயர் அவர் வைத்த பெயர்தான்.

1893ஆம் ஆண்டு செப்டம்பரில் கார்வால் மலைநாட்டில், கோனா என்னும் சிற்றூரின் அருகே ஒரு மலையின் பக்கம் இடிந்து பிரஹி கங்கை ஆற்றின் குறுக்கே விழுந்தது. ஏறத்தாழ 900 அடி உயரத்துக்குக் கல்லும் மண்ணும் ஆற்றை அடைத்துக்கொண்டன. அடைபட்ட நீர் பின்னே ஏரியாகப் பெருகத் தொடங்கியது. அதைப் பார்வையிட்டு அறிக்கை தர 1894ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹாலந்து அனுப்பப்பட்டார். சரிந்த மலையின் முகத்தையும், விழுந்த குவியலையும், வளர்ந்துவந்த ஏரியையும் அவர் படமெடுத்தார். மலை ஏன் சரிந்தது என்பதற்குப் பாறை அடுக்குகளின் சாய்விலே காரணம் தேடினார். அவருடைய அறிக்கை அவ்வாண்டிலேயே ஆய்வுத்துறையின் ஏட்டில் வெளியாயிற்று.

அறிக்கையோடு காரியம் நின்றுவிடவில்லை என்பதே நாம் கருதவேண்டியது. பொறியாளர் புல்போர்டு, தண்ணீர் தடுப்பின் உச்சியைத் தொட்டு வழியும்போதுதான் ஆபத்து என்றும், அது ஆகஸ்டு நடுவில் நேரும் என்றும் முன்கூட்டியே கணக்கிட்டார். ஏரிக்கரையில் ஓர் இளம் அதிகாரி அமர்த்தப்பட்டு நீர்மட்டத்தை நாள்தோறும் குறித்துவந்தார். அங்கிருந்து ஹரித்துவார் வரை தந்திக்கம்பி இழுக்கப்பட்டது. வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறும் என்பதைக் காட்டப் பள்ளத்தாக்கு நெடுகிலும் அடையாளத் தூண்கள் நடப்பட்டன. தொங்கு பாலங்கள் கழற்றப்பட்டன. மக்கள் மேட்டுநிலத்துக்கு அனுப்பப்பட்டனர்.

ஆகஸ்டு 25ஆம் நாள் காலையில் நீர் வழியத் தொடங்கிற்று. அன்று நள்ளிரவையொட்டித் தடுப்பு உடைந்தது. நாலரை மணி நேரத்தில் ஏறத்தாழ 1,000 கோடி கன அடி நீர் பாய்ந்தோடியது. ஏரி 390 அடி தாழ்ந்தது. கார்வாலின் பழைய தலைநகரான ஸ்ரீநகர் பெரும்பாலும் அடித்துச் செல்லப்பட்டது. ஆனால், மாண்டவர் ஐவரே. ஆங்கில ஏடுகள் ‘பக்கிரி’ என்று குறிக்கும் ஒருவரும் அவர் குடும்பத்தாரும், அப்புறப்படுத்தப்பட்ட பின்னும் திரும்பிச் சென்று உயிரிழந்தனர். ஒரு நகரமே அழிந்த வெள்ளத்தில் ஏனையோர் அனைவரும் பிழைத்தனர். எஞ்சியிருந்த ஏரியும் 1970ஆம் ஆண்டு ஜூலை மாத அலக்நந்தா வெள்ளத்தோடு மறைந்தது. இன்று அவ்வேரியின் தோற்றத்தை அறியப் பழைய படங்களே துணை.

கோனா ஏரி மலைச்சரிவால் உண்டானது. உயரே, பனியாறுகளின் அருகில் உண்டாகும் ஏரிகளின் தன்மை சற்று வேறு. பனியாறு நகரும்போது கல்லையும் மண்ணையும் அரைத்துத் தன் முனையில் மேடாகக் குவிக்கிறது. பின்னர் பனியாறு உருகிப் பின்வாங்கினால், மேட்டுக்கும் பனிக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் நீர் தேங்கி ஏரியாகிறது. அம்மேடு யாரும் திட்டமிட்டுக் கட்டிய அணையன்று. உள்ளே பனிக்கட்டி புதைந்து கிடக்கும் தளர்ந்த குவியல். ஆகவே, பனியாற்றின் முனை எங்கே நிற்கிறது, எவ்வளவு பின்வாங்கியது என்பதை அறிவது ஏரியின் பிறப்பை அறிவதாகும்.

இதற்கான முறையான முயற்சியைத் தொடங்கியதும் ஹாலந்தே. அவர் ஆய்வுத்துறையின் தலைவராயிருந்த 1906ஆம் ஆண்டில், இமயத்தின் பன்னிரண்டு பனியாறுகளை ஆராயச் சிறு குழுக்கள் புறப்பட்டன. ஹேடன் காஷ்மீரத்தின் வடமேற்கேயும், வாக்கரும் பாஸ்கோவும் லாகூலிலும், காட்டரும் காகின் பிரவுனும் குமாவோனிலும் பணியாற்றினர். பனியாற்றின் முனைக்கு எதிரே பாறைகளில் அடையாளம் வெட்டினர், கற்குவியல்கள் எழுப்பினர், அக்குறிகளிலிருந்து பனிமுனை உள்ள தொலைவை அளந்தனர், குறித்த இடங்களில் நின்று படமெடுத்தனர். பின்னாளில் வருபவர் அதே இடத்தில் நின்று அதே திசையில் மீண்டும் படமெடுத்து ஒப்பிடவேண்டும் என்பதே அவர்கள் கருத்து.

இங்கேதான் அழகுப் படத்துக்கும் ஆய்வுப் படத்துக்கும் உள்ள பெரிய வேற்றுமை விளங்குகிறது. அழகுப் படம் எடுத்த அன்றே நிறைவு பெறுகிறது. ஆய்வுப் படம் இரண்டாவது படம் எடுக்கப்படும் நாளில்தான் முழுப்பொருள் பெறுகிறது. தம் ஆயுளில் விடை காணமாட்டோம் என்று தெரிந்தே அவர்கள் கேள்வியைப் பதித்துவைத்தனர். அக்குறிகளைத் தேடிச் சுதந்திர இந்தியாவின் நிலவியலார் 1950களில் மீண்டும் மலையேறினர். பிண்டாரி பனியாறு 1906க்கும் 1958க்கும் இடையே ஒரு கிலோமீட்டருக்கும் மேலாகப் பின்வாங்கியிருந்தது கணக்கிடப்பட்டது.

இப்போது மனிதன் ஏறிச் சென்று படமெடுக்கவேண்டிய தேவை பெரிதும் குறைந்துவிட்டது. செயற்கைக்கோள்கள் இமயத்தின் ஒவ்வோர் ஏரியையும் வானிலிருந்து பதிவு செய்கின்றன. ஆயினும், படம் பெருகிய அளவுக்குப் பாதுகாப்பும் பெருகியதா? சிக்கிம் மாநிலத்தின் தெற்கு லோனாக் ஏரி ஆண்டுக்காண்டு விரிந்துவருவதை அறிஞர்கள் அப்படங்களில் கண்டு எச்சரித்திருந்தனர். முன்னெச்சரிக்கை ஏற்பாடுகள் முழுமை பெறுமுன், 2023ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் இரவில் பக்கத்து மேடு ஏரிக்குள் சரிந்து வெள்ளம் கரையை உடைத்தது. சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் மின்திட்டத்தின் அணை தகர்ந்தது. டீஸ்டா பள்ளத்தாக்கில் பலர் மாண்டனர், பலர் காணாமற்போயினர். 1894இல் சில கண்ணாடித் தகடுகளும் ஒரு தந்திக்கம்பியும் காத்த அளவுக்கு, 2023இல் வானத்துக் கண்களால் காக்க முடியவில்லை. குறை படத்தில் இல்லை. பார்த்ததற்கும் செய்ததற்கும் இடையே விழுந்த இடைவெளியில் இருக்கிறது.

நம் ஏலமலையில் பனியாறு இல்லை; அதனால் உண்டாகும் ஏரியும் இல்லை. ஆனால், செங்குத்தான சரிவும், பெருமழையும், மரங்கள் குறைந்து தோட்டமும் சாலையுமான மலைப்பக்கங்களும் உண்டு. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவில், மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டக் குடியிருப்பை மூடிற்று. எழுபது பேர் உயிரிழந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் சென்ற தொழிலாளர் குடும்பத்தினர். போடிமெட்டுச் சாலையில் நாள்தோறும் ஜீப்புகளில் ஏறிச்சென்று ஏலக்காய் பறித்துத் திரும்பும் பெண்கள், இதே மலையின்கீழ்த்தான் தம் பிழைப்பை நடத்துகின்றனர்.

ஆதலால், நாம் செய்யக்கூடிய எளிய பணி ஒன்று உண்டு. சிலமலையிலும் குரங்கணியிலும் போடிமெட்டிலும் சில நிலையான இடங்களைத் தேர்ந்து கல் நாட்டலாம். ஆண்டுதோறும் மழைக்கு முன்னும் பின்னும் அதே கல்லருகே நின்று, அதே திசையில், மலைமுகத்தைப் படமெடுத்து நாளும் நேரமும் குறித்துப் பள்ளி நூலகத்தில் சேர்த்துவைக்கலாம். கைப்பேசி உள்ள மாணவரால் இது இயலும். புதிதாகத் தோன்றும் வெடிப்பும், சாய்ந்த மரமும், வழி மாறிய ஓடையும் அப்போது கண்ணுக்குப் புலப்படும். புலப்பட்டதை உரிய அதிகாரிகளுக்கு உடனே எழுதித் தெரிவிப்பதும், அவர்கள் வந்து பார்க்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பதும் அப்பணியின் மறுபாதி. கோனாவில் மக்களைக் காத்தவை அவ்விரு பாதிகளும் சேர்ந்தே. படம் எடுப்பவர் பெயரோடு, அளவுக்காக அருகே நிற்பவர் பெயரையும் ஏட்டில் எழுதிவைப்போம்.