அல்பிரட் வீதி மாளிகைகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள டெற்றோயிற் நகரம் மோட்டார் வண்டித் தொழிலால் உலகெங்கும் பெயர் பெற்றது. ஆயின், அப்பெயர் வாய்ப்பதற்கு முன்னரே அங்குச் செல்வம் குவிந்திருந்தது. மிச்சிகன் காடுகளின் பைன் மரம், பேரேரிகளில் ஓடிய கப்பல்கள், இரும்படுப்பு, புகையிரதப் பெட்டி, விதை வாணிகம் ஆகியன அச்செல்வத்தின் ஊற்றுக்கள். அவற்றால் வளம் பெற்றோர் மாளிகை கட்டி வாழ்ந்த பகுதி பிறஷ் பார்க் எனப்படும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அம்மாளிகைகள் பாழடைந்து நின்றபோது, அவற்றைப் படமெடுப்பதற்கென்றே தொலைவிலிருந்து புகைப்படக்காரர் வரலாயினர். அப்படங்கள் எதைக் கூறுகின்றன, எதைக் கூறாது விடுகின்றன என்பது ஆராயத்தக்கது.

1701ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் இந்நகரை நிறுவினர். ஆற்றங்கரை ஒவ்வொரு குடியானவனுக்கும் கிட்டவேண்டும் என்பதற்காகக் காணிகளை ஒடுங்கலாகவும் நீளமாகவும் பிரித்தனர். அத்தகைய காணி ஒன்று பின்னாளில் பிறஷ் குடும்பத்தார் கைக்கு வந்தது. எட்மண்ட் பிறஷ் என்பார் 1850களில் அதனைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கினார். விலையுயர்ந்த வீடுகளே அங்குக் கட்டப்படவேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. ஏறத்தாழ முந்நூறு வீடுகள் எழுந்தன. வீதிகள் சிலவற்றுக்குக் குடும்பத்தாரின் பெயர்களே இடப்பட்டன.

அல்பிரட் வீதியில் ரான்சம் கிலிஸ் என்ற துணி வணிகர் 1876க்கும் 1878க்கும் இடையில் கட்டுவித்த வீடு இவற்றுள் பேர் பெற்றது. வெனிஸ் நகரத்துக் கோதிக் பாணியைத் தழுவியது. மூலையிலே கோபுரம் போன்றதொரு சிறு மாடம். செங்கல்லில் இத்தனை நுட்பம் காட்டிய சிற்பிகள் இதனை வெறும் குடியிருப்பாக எண்ணியிருக்கமாட்டார்கள். அதன் பின்புறத்துக் குதிரைவண்டிக் கொட்டிலில் 1903ஆம் ஆண்டில் பிவாபிக் என்னும் மட்பாண்டத் தொழிற்சாலை தொடங்கியது. 1907இல் வேறிடம் பெயர்ந்த அத்தொழிற்சாலை இன்றும் ஓடு வார்த்துக்கொண்டிருக்கிறது. மாளிகையை விடக் கொட்டிலே நீடித்த புகழுக்குக் காரணமாயிற்று எனலாம்.

இம்மாளிகைகள் பகைவர் படையெடுப்பினால் அழிந்தனவல்ல. 1890களிலேயே செல்வர்கள் வெளியேறத் தொடங்கிவிட்டனர். முதலில் டிராம் வண்டியும், பின்னர் மோட்டார் வண்டியும் நகரின் வெளிப்புறத்தை அண்மையாக்கின. புதிய பகுதிகளிலே காணி விசாலமாக இருந்தது. தொழிற்சாலைப் புகையும் இல்லை. அதே காலத்தில் நகரின் குடித்தொகை 1900இல் 285,704 ஆக இருந்தது 1930இல் 1,568,662 ஆகப் பெருகிற்று. வேலை தேடி வந்தோர்க்கு இடம் வேண்டும். விருந்து மண்டபங்களுக்கு நடுவே பலகைத் தட்டி அடித்து, மாளிகைகள் வாடகை அறைகளாயின.

இக்கதையின் இரு முனைகளையும் ஒரு மனிதரிடத்தே காணலாம். அல்பேட் கான் என்பவர் 1869இல் ஜெர்மனியிற் பிறந்து சிறுவனாக டெற்றோயிற் வந்தவர். இருபத்தைந்து வயதளவில், வில்லியம் லிவிங்ஸ்ரன் என்னும் வங்கித் தலைவருக்காகப் பிறஷ் பார்க்கில் ஒரு மாளிகை வரைந்தார். பின்னர் பக்கார்ட் தொழிற்சாலையையும், போர்ட் நிறுவனத்தின் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையையும் வரைந்தவரும் அவரே. செல்வரைப் பிறஷ் பார்க்கிலிருந்து ஏற்றிச் சென்ற வண்டிகள் அத்தகைய தொழிற்சாலைகளிலேதான் உருவாயின. கான் மாத்திரம் 1906இல் அதே பகுதியில் மாக் அவெனியூவில் தமக்கு ஒரு வீடு கட்டிக் குடியேறினார்.

தெற்கு மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினத்தாருக்கு நகரின் பெரும்பகுதி மூடப்பட்டிருந்தது. அவர்களுக்கு வீடு விற்கலாகாது என்று உறுதிப் பத்திரங்களிலேயே எழுதப்பட்டது. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என 1948இல் உயர்நீதிமன்றம் தீர்த்தபோது, அதன் முன்னிருந்த வழக்குகளுள் ஒன்று டெற்றோயிற்றிலிருந்தே சென்றதாகும். 1930களில் அரசாங்கக் கடன் நிறுவனமொன்று வரைந்த தேசப்படங்களில் கறுப்பினத்தார் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு நிறம் தீட்டப்பட்டது. சிவப்புப் பகுதிக்கு வங்கி கடன் கொடாது. கடனின்றிக் கூரையை எவ்வாறு செப்பனிடுவது? அயலிலிருந்த ஹேஸ்டிங்ஸ் வீதி, கறுப்பினத்தாரின் கடைவீதி, பெருந்தெரு அமைப்பதற்காக இடித்து அகற்றப்பட்டது. 1950இல் 1,849,568 ஆக இருந்த குடித்தொகை 2010இல் 713,777 ஆகச் சுருங்கிற்று. மாளிகைகள் வெறுமையாகின, பெரும்பாலானவை இடிக்கப்பட்டன.

இந்நிலையிலேதான் புகைப்படக்காரர் வந்தனர். அவர்களுள் தனித்துக் குறிப்பிடத்தக்கவர் 1944இல் சிலி நாட்டிற் பிறந்த கமிலோ ஹொசே வெர்காரா. அவர் ஒரே இடத்தில் நின்று, ஒரே கட்டிடத்தை, ஆண்டுகள் இடைவிட்டு மீண்டும் மீண்டும் எடுப்பார். ஒரு படம் அழகு காட்டும்; வரிசையாக வைத்த பத்துப் படங்கள் வரலாறு காட்டும் என்பதை அவருடைய தொகுதிகளைப் பார்ப்போர் உணர்வர். கிலிஸ் வீடும் அவ்வாறு அவர் திரும்பத் திரும்பச் சென்று எடுத்தவற்றுள் ஒன்று. எனினும் 1995இல், நகர மையத்தின் வெற்று வானளாவிகளை இடிக்காமல் அமெரிக்காவின் அக்கிரோபொலிசாக விட்டுவிடலாம் என்று அவர் கூறியது ஊர்மக்களுக்குச் சினமூட்டியது. அச்சினம் நியாயமானதே. இடிபாட்டிடையே பிள்ளை வளர்ப்போர்க்கு அது புராதன சின்னம் அன்று.

பிற்காலத்துப் படங்கள் பலவற்றில் குறை இதுவே. இடிந்த மாடிப்படியிலும், உரிந்த சுவரிலும், அதன்மேல் விழும் வெயிலிலும் கண் நிலைக்கிறது. பார்ப்பவர் காலமே இதனைச் செய்தது என நினைத்துக்கொள்கிறார். உறுதிப் பத்திரமும் சிவப்பு மையும் படத்தில் விழுவதில்லை.

லிவிங்ஸ்ரன் மாளிகையின் கதை இரக்கத்துக்குரியது. இடிபடாது காக்க விரும்பியோர் அதனை 1990ஆம் ஆண்டளவில் அயலிடத்துக்கு நகர்த்தினர். புதிய அத்திவாரம் தாங்கவில்லை. வீடு ஒரு பக்கமாகச் சரிந்தது. சரிந்து நின்ற கோலத்திற் படமெடுக்கப்பட்டு உலகறிந்த பின், 2007 செப்டெம்பர் 15இல் இடிக்கப்பட்டது. கானின் சொந்த வீடோ 1942இல் அவர் இறந்த பின்னர் கறுப்பினத்தாரின் நலனுக்கு உழைக்கும் நகர்ச் சங்கத்துக்கு அலுவலகமாயிற்று. அலுவலகமானதால் கூரை ஒழுகாமற் காக்கப்பட்டது.

கிலிஸ் வீடு 1960களின் நடுவிலிருந்து வெறுமையாய்க் கிடந்து, 2015இல் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றின் பொருட்டுச் சில திங்களிற் புதுப்பிக்கப்பட்டது. சுற்றிலும் புதிய அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. பாழ் வீட்டைத் தேடி இனி அங்குச் செல்வோர்க்கு ஏமாற்றமே கிடைக்கும். ஆனால் வேறொரு மூலாதாரம் திறந்திருக்கிறது. அமெரிக்கக் குடிசன மதிப்பு ஏடுகள் எழுபத்திரண்டு ஆண்டுகள் மறைத்து வைக்கப்படுவன. 1950ஆம் ஆண்டின் ஏடுகள் 2022 ஏப்ரில் முதலாந் திகதி வெளியிடப்பட்டன. டெற்றோயிற்றின் குடித்தொகை உச்சத்தில் இருந்த ஆண்டு அது. மாளிகை அறைகளில் அப்போது குடியிருந்தோரின் பெயர், வயது, பிறந்த மாநிலம், செய்த தொழில் யாவும் வீடு வீடாக அவற்றில் எழுதப்பட்டுள்ளன.