ஆச்சியின் காதும் அழகுக்கலை வகுப்பும்



போன வாரம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டுப் பலபேர் கேட்டுவிட்டீர்கள், “டீச்சர், ரிட்டையர் ஆன பிறகு பியூட்டி பார்லர்ல உங்களுக்கு என்ன வேலை?” என்று. அண்ணன் மகன் ஒருபடி மேலே போய், “அத்தை, ஃபேஷியல் முடிஞ்சுதா?” என்று எழுதியிருந்தான். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது பழக்கம்தானே!

2002-இல் பிளஸ் டூ முடித்த என் மாணவி ஒருத்தி இப்போது அழகுக்கலைப் பயிற்சி நிலையம் நடத்துகிறாள். ஆறு மாதப் படிப்பு. அதில் பிளாஸ்டிக் சர்ஜரி பற்றியும் ஒரு பாடம் உண்டு. கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுக்க அல்ல. வாடிக்கையாளர் வந்து ஒரு தழும்பைக் காட்டினால் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, எப்போது டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக. அதை நடத்த ஒரு டாக்டரம்மா வருகிறார். “அதுக்கு முன்னாடி நீங்க ஒரு கிளாஸ் எடுங்க டீச்சர். இதெல்லாம் எப்படி வந்துச்சுன்னு கதையாச் சொல்லுங்க. வருஷம் மட்டும் கொஞ்சமாப் போதும்” என்றாள். பாவம், வருஷங்களால் அடிபட்டவள்.

நான் உடனே ஒத்துக்கொண்டதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வகுப்பில் இருபது பேர். “பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் என்ன?” என்று கேட்டேன். “தோலுக்கு அடியில் பிளாஸ்டிக் வைப்பாங்க மேம்” என்றது ஒரு குரல். பிளாஸ்டிக் வாளிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. களிமண்ணைப் பிசைந்து உரு கொடுப்பது போன்ற வேலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. 1818-இல் ஜெர்மனியில் கிரேஃபெ என்ற மருத்துவர் மூக்கைச் சீரமைப்பது பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது. முழுக்கச் செயற்கையான முதல் பிளாஸ்டிக்கான பேக்கலைட் வந்ததோ 1907-இல்தான்.

பிறகு எங்கள் ஆச்சியின் படத்தைக் காட்டினேன். பாம்படம் தோளைத் தொடும் படம். இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். சின்ன வயதிலேயே காது குத்தி, பஞ்சு திணித்து, ஓலைச் சுருள் வைத்து, அப்புறம் ஈயக் குணுக்கு மாட்டி, வருஷக்கணக்கில் வளர்த்த காது அது. அன்றைக்குத் தெற்குச் சீமையில் அதுதான் அழகு, அதுதான் கௌரவம். அப்புறம் காலம் மாறியது. எங்கள் சித்தப்பா மெட்ராஸில் வேலைக்குப் போனார். அங்கே போன இடத்தில் யாரோ சிரித்திருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பியதும் ஆச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்த் தொங்கிய காதை வெட்டித் தைத்துக்கொண்டாள். தென்மாவட்டங்களில் அந்தக் காலத்தில் எத்தனையோ பெண்கள் இதைச் செய்துகொண்டார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சாகும்வரை ஆச்சி பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டிருப்பாள்.

ஆச்சியை ஏன் காட்டினேன் என்றால், இந்தக் கலையின் மிகப் பழைய பாடமே காதுதான். சுஸ்ருத சம்ஹிதையில் ஒரே அத்தியாயத்தில் மூன்று விஷயங்கள் வருகின்றன. குழந்தைக்குக் காது குத்தும் முறை, கிழிந்த காது மடலை இணைக்கும் முறை, அறுபட்ட மூக்கைத் திரும்ப உருவாக்கும் முறை. காது மடலை இணைக்க மட்டும் பதினைந்து வழிகள். மூக்குக்கு, இழந்த அளவுக்கு ஓர் இலையை வெட்டிக்கொண்டு, அதே அளவுக்குக் கன்னத்துத் தோலை ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படியே சீவி எடுத்து, மூக்கின் மேல் பொருத்தி, மூச்சு விடுவதற்கு உள்ளே இரண்டு குழல்களை வைக்கச் சொல்கிறது அந்த நூல்.

மூக்கு ஏன் அறுபட்டது? தண்டனையாகவும் போரிலும் அறுத்தார்கள். திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில் மைசூர்ப் படைக்கும் மதுரைக்கும் நடந்த சண்டைக்கு மூக்கறு போர் என்றே பெயர். நான் அந்தப் பாடம் நடத்தியபோது கடைசி பெஞ்சில் சிரித்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்! “நல்லா மூக்கறுபட்டான்” என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அதற்குள் எத்தனை பேரின் அவமானம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மூக்கை அறுப்பது ஆளைக் கொல்வதற்காக அல்ல. உயிரோடு விட்டு, தெருவில் நடக்க முடியாமல் செய்வதற்காக.

அப்படி ஒருவர்தான் கவாஸ்ஜி. ஆங்கிலேயர் படையில் மாட்டுவண்டி ஓட்டியவர். 1792 மைசூர்ப் போரில் திப்புவின் படையிடம் பிடிபட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் மூக்கில்லாமல் இருந்தார். புனே அருகே செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்கு மூக்கு வைத்தார். அருகிலிருந்து பார்த்த ஆங்கிலேய மருத்துவர்கள் சொன்ன விவரம் 1794 அக்டோபரில் லண்டன் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில் படத்தோடு வந்தது.

மெழுகில் மூக்கு செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு போட்டு, அந்த அளவுக்குத் தோலைக் கீறி எடுத்தார். ஆனால் இரண்டு புருவங்களுக்கு நடுவே ஒரு சின்னப் பட்டையை மட்டும் வெட்டாமல் விட்டு, தோலைத் திருப்பிக் கீழே மடித்து மூக்கில் பொருத்தினார். அந்தப் பட்டையை வெட்டியது சுமார் இருபத்தைந்து நாள் கழித்து.

“ஏன் காத்திருந்தார்?” என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. “வீட்டில் மல்லிகைக் கொடி பதியன் போட்டிருக்கீங்களா?” என்றதும் ஒரு பெண் சட்டென்று பிடித்துக்கொண்டாள். கொடியை வளைத்து மண்ணுக்குள் புதைத்துவிட்டு, வேர் பிடிக்கும்வரை தாய்ச்செடியிலிருந்து வெட்டமாட்டோம். அதேதான். புருவ நடுவிலிருந்த பட்டை வழியாகத்தான் நெற்றித் தோலுக்கு ரத்தம் வந்தது. புது இடத்தில் ரத்த ஓட்டம் பிடித்த பிறகே அதை வெட்ட வேண்டும். லண்டனில் ஜோசப் கார்ப்யூ இதைப் படித்து, பிணங்களின் மேல் பழகி, 1814-இல் உயிருள்ளவருக்குச் செய்தார். ஐரோப்பாவில் அது பரவியது அதற்குப் பிறகுதான்.

இங்கேதான் முன்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள். “மேம், அந்தச் செங்கல்காரர் டாக்டருக்குப் படிச்சவரா?” “இல்லம்மா.” “அப்போ கை சுத்தமா இருந்தா நாங்களும் செய்யலாம்ல?” வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. “அதற்குக் கடைசியில் பதில் சொல்றேன்” என்றேன்.

அடுத்தது 1896, பெர்லின். ஒரு பையனின் காது பெரிதாகத் துருத்திக்கொண்டிருந்தது. பள்ளியில் கேலி செய்ததால் போகவே மாட்டேன் என்றான். அம்மா அவனை ஜாக் ஜோசப் என்ற இளம் மருத்துவரிடம் கூட்டிப் போனார். அவர் காதைச் சரிசெய்தார். பையன் நலமானான். மருத்துவருக்கு வேலை போனது! நோயே இல்லாதவனுக்குக் கத்தி வைத்தது தவறு என்றார்கள். அவர் பின்வாங்கவில்லை. அழகுக்கான மூக்கு அறுவை சிகிச்சைக்கு வழிகாட்டியவராக இன்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

இதைச் சொன்னதும் பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி. “கேலி செஞ்சவங்களுக்குத்தானே மேம் ஆபரேஷன் பண்ணணும்? அந்தப் பையனுக்கு எதுக்கு? உங்க ஆச்சிக்கு எதுக்கு?”

இத்தனை வருஷ ஆசிரியர் வேலையில் இப்படி ஒரு கேள்விக்காகத்தான் காத்துக்கிடப்போம். அதற்கான பதில் அடுத்த இரண்டு ஊர்களில் இருந்தது.

முதலாவது, இங்கிலாந்தின் சிட்கப். முதல் உலகப்போரில் பதுங்குகுழியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தவர்களின் தாடையும் மூக்கும் சிதறின. நியூசிலாந்தில் பிறந்த ஹரால்ட் கில்லிஸ், 1917-இல் அங்கே திறந்த மருத்துவமனையில் அவர்களுக்கு முகம் கொடுத்தார். எடுக்கும் தோலைப் பாய் சுருட்டுவதுபோலக் குழாயாகச் சுருட்டித் தைத்தால் சீழ் பிடிப்பது குறையும், ரத்தமும் ஓடும் என்று கண்டார். 5,000-க்கும் மேற்பட்ட வீரர்கள், 11,000-க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். வார்டுகளில் கண்ணாடி வைக்கவில்லை. ஊருக்குள் போகும் வழியில் சில பெஞ்சுகளுக்கு நீல நிறம் அடித்திருந்தார்கள். அதில் உட்கார்ந்திருப்பவர் முகம் சிதைந்தவர், பார்த்துப் பயப்படாதீர்கள் என்று ஊராருக்கு எச்சரிக்கை.

இரண்டாவது, ஈஸ்ட் கிரின்ஸ்டட். இரண்டாம் உலகப்போரில் விமானம் தீப்பிடித்து வெந்தவர்களுக்கு அங்கே சிகிச்சை தந்தவர் கில்லிஸின் உறவினர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ. இவர் நீல பெஞ்சு போடவில்லை. ஊர்மக்களிடம் பேசினார். இவர்களை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், முகத்தைப் பார்த்துப் பேசுங்கள் என்றார். ‘வெறித்துப் பார்க்காத ஊர்’ என்று அந்த ஊருக்கே பெயர் வந்தது. கேலி செய்பவர்களுக்கு என்ன ஆபரேஷன் என்று கேட்ட பெண்ணிடம் சொன்னேன், “இதுதாம்மா அது.”

நம் வேலூரையும் சொன்னேன். கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தியவர். கை சரியானாலும் முகம் காட்டிக்கொடுத்தது. அந்த நோயில் புருவம் உதிரும், மூக்கு அமுங்கும். நோய் குணமான பிறகும் பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். அதனால் மூக்கையும் நிமிர்த்தினார்கள், தலைமுடியுள்ள தோலைக் கொண்டுவந்து புருவமும் வைத்தார்கள். அது தலைமுடிதானே, வளர்ந்துகொண்டே இருக்கும். அவ்வப்போது கத்தரித்துக்கொள்ள வேண்டும். “நீங்க தினமும் நூல் பிடித்துத் திருத்துற புருவம், ஒரு மனுஷனுக்கு டீக்கடைக்குள்ள போற அனுமதிச்சீட்டா இருந்திருக்கு” என்றேன். யாரும் பேசவில்லை.

இப்போது அந்தக் காரணத்துக்கு வருகிறேன். வகுப்பில் கடைசி நாற்காலியில் என் தங்கை உட்கார்ந்திருந்தாள். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெரிய ஜிமிக்கி போட்டுப் போட்டு அவள் காது மடல் கிழிந்துவிட்டது. மகள் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, தையல் இல்லாமல் ஒட்டித் தருவதாகச் சொன்ன ஒரு பார்லருக்குப் போனாள். கிழிந்த ஓரம் ஆறித் தோல் மூடிவிட்டால், தோலும் தோலும் தானாக ஒட்டாது. அந்த ஓரத்தைப் புதுப் புண்ணாக்கித்தான் சேர்க்க வேண்டும். சுஸ்ருதர் காலத்திலேயே தெரிந்த விஷயம். அங்கே அதற்கு அமிலம் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு ஆழம் எரியும் என்று வைத்த பிள்ளைக்குத் தெரியவில்லை. காது புண்ணாகி வீங்கியது. கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் முன்னால் முந்தானையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டே நின்றாள். அத்தனை போட்டோவிலும் அப்படித்தான் இருக்கிறாள். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் வெட்டித் தைத்துச் சரிசெய்தார்.

முன்வரிசைப் பெண்ணைக் கூப்பிட்டு, தங்கையின் காதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். “அந்தச் செங்கல்காரரிடம் டிகிரி இல்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கற்ற ஒரே வேலை. எங்கே வெட்டக்கூடாது, எத்தனை நாள் பொறுக்கணும்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது. உங்களுக்கு ஆறு மாசம்” என்றேன்.

அவள் மெதுவாகக் கேட்டாள். “முடியாதுன்னு சொன்னா கஸ்டமர் அடுத்த கடைக்குப் போயிடுவாங்களே மேம். எங்க பொழப்பு?” நியாயமான கேள்வி. கடை வாடகை கட்டுகிறவளிடம் நான் என்ன சொல்வது?

தங்கைதான் சொன்னாள். “அன்னைக்கு அந்தப் பிள்ளை முடியாதுக்கா, டாக்டரைப் பாருங்கன்னு சொல்லியிருந்தா எனக்குக் கோபம் வந்திருக்கும். ஆனா பொண்ணு கல்யாணத்துக்கு மேக்கப் போட அவளைத்தான் கூப்பிட்டிருப்பேன்.”

கடைசிப் பத்து நிமிஷம் வேறு பாடம் நடத்தவில்லை. “இது என் வேலை இல்லை, டாக்டரிடம் காட்டுங்கள்” என்ற ஒரு வாக்கியத்தை இருபது பேரையும் எழுந்து நின்று, என் கண்ணைப் பார்த்துச் சொல்ல வைத்தேன். சில பேருக்கு அது லேசில் வரவில்லை. வரும்வரை விடவில்லை. என்னைத் தெரியும்தானே உங்களுக்கு.

உங்கள் வீட்டில் யாருக்காவது காது கிழிந்திருந்தால், தழும்பு இருந்தால், பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே பிரிவு இருக்கிறது. வெட்கப்படாமல் கூட்டிப் போங்கள். யார் வீட்டிலாவது பாம்படம் போட்ட ஆச்சியின் படம் இருந்தால் கீழே போடுங்கள். அடுத்த வகுப்புக்கு எனக்கு வேண்டும்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஹிஸ்டரி டீச்சர்