வேரில் வந்த பகையும் ஏட்டில் வந்த உறவும்

நாடுகளின் எல்லைகளை மன்னர்களும் மந்திரிகளும் வகுத்தார்கள். படைகள் அவற்றைக் காத்து நின்றன. ஆனால் ஒரு செடியின் வேரைப் பற்றிக்கொண்டு வரும் சிறு பூச்சிக்கு அந்த எல்லைகள் ஒரு பொருட்டல்ல. இந்த உண்மையை ஐரோப்பிய நாடுகள் பெரும் நஷ்டத்துக்குப் பின்னரே உணர்ந்தன. அவ்வாறு உணர்ந்து அவை செய்துகொண்ட உடன்பாடே, இன்று துறைமுகங்களிலும் விமான நிலையங்களிலும் நடைபெறும் பயிர்ச் சோதனைக்கு மூலம் எனலாம்.

1863-ஆம் ஆண்டளவில் தென்பிரான்சில், ரோன் ஆற்றை அடுத்த திராட்சைத் தோட்டங்களில் கொடிகள் காரணம் தெரியாமல் வாடத் தொடங்கின. 1868-இல் மான்பெல்லியே நகரத் தாவர அறிஞர் பிளான்ஷோனும் அவருடைய கூட்டாளிகளும் வேர்களைத் தோண்டிப் பார்த்தனர். பட்டுப்போன கொடிகளின் வேரில் ஒன்றுமில்லை. பக்கத்தில் பசுமையாக நின்ற கொடிகளின் வேர்களிலோ மஞ்சள் நிறச் சிறு பூச்சிகள் மொய்த்துக் கிடந்தன. சாறு வற்றிய கொடியை விட்டு அவை அடுத்த கொடிக்குக் குடிபெயர்ந்திருந்தன. அதுவே ஃபைலாக்சரா என்னும் பூச்சி.

அதன் தாயகம் வட அமெரிக்கா. அங்கிருந்து ஆசையுடன் தருவிக்கப்பட்ட திராட்சைச் செடிகளோடு அதுவும் கப்பலேறி வந்துவிட்டது. 1875-இல் சுமார் 8 கோடி 40 லட்சம் ஹெக்டோலிட்டராக இருந்த பிரான்சின் திராட்சை மது உற்பத்தி, 1889-இல் சுமார் 2 கோடி 30 லட்சமாகச் சுருங்கியது. எத்தனையோ குடும்பங்கள் நிலத்தை விட்டுப் பிழைப்புத் தேடிப் போயின.

நோய் வந்த திசையிலிருந்தே மருந்தும் வந்தது. அமெரிக்க நாட்டு மிசூரி மாநிலத்தின் பூச்சியியல் அறிஞர் சார்லஸ் ரைலி, இரு கண்டங்களிலும் உள்ள பூச்சி ஒன்றே என்று உறுதி செய்தார். அமெரிக்கக் கொடிகளின் வேர் அப்பூச்சியைத் தாங்கி நிற்க வல்லது. ஆகவே அந்த வேரின்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டினார்கள். தோட்டங்கள் மீண்டும் தழைத்தன. எல்லையை அடியோடு அடைத்திருந்தால் பூச்சி வந்திராது என்பது மெய்தான். ஆனால் பூச்சி புகுந்த பின்னர் கதவை அடைத்திருந்தால் பரிகாரமும் வெளியிலேயே நின்றிருக்கும்.

எனவே எதைத் தடுப்பது, எதை விடுவது என்ற கேள்வி எழுந்தது. 1878-இல் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, ஸ்பெயின், பிரான்சு, இத்தாலி, போர்ச்சுகல், சுவிட்சர்லாந்து ஆகிய ஏழு நாடுகள் பெர்ன் நகரில் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. வேரோடு பிடுங்கிய கொடிகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. மற்றச் செடிகள் அதிகாரிகளின் சான்றுடன், குறித்த சுங்கச் சாவடிகள் வழியாகவே செல்ல வேண்டும் என்றாயிற்று. மதுவுக்குத் தடையில்லை; பூச்சியைச் சுமந்து வரக்கூடியது எதுவோ அதற்கே தடை. வாணிபத்தை நிறுத்தாமல் நோயை நிறுத்தும் வழி அது.

குவாரன்டைன் என்னும் சொல்லைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. இத்தாலிய மொழியில் நாற்பது என்னும் எண்ணிலிருந்து பிறந்தது அது. கொள்ளைநோய்க்கு அஞ்சி வெனிசு நகரத்தார் கப்பல்களை நாற்பது நாள் ஒதுக்கி நிறுத்திய வழக்கத்தின் நினைவு அச்சொல்லில் தங்கியிருக்கிறது. மனிதனுக்கு வந்த நோய் நாற்பது நாளில் வெளிப்பட்டுவிடும். செடியின் நோயோ பல மாதங்கள் ஒளிந்திருக்கக் கூடும். ஆகையால் செடிக்கு நாள் கணக்குப் போதாது; அது புறப்படும் நாட்டிலேயே கற்றறிந்த ஒருவர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். முன்பின் கண்டறியாத ஓர் அதிகாரியின் கையொப்பத்தை வேறொரு நாட்டு அதிகாரி நம்புகிறார். இந்த நம்பிக்கையின்மேல்தான் முழு ஏற்பாடும் நிற்கிறது.

இந்தியாவில் 1914-இல் அழிவு செய்யும் பூச்சிகள் பற்றிய சட்டம் பிறந்தது. 1951-இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் ஆதரவில் சர்வதேசப் பயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தம் உருவாயிற்று. சான்றிதழுக்குப் பொதுவான ஒரு மாதிரியும் வகுக்கப்பட்டது. மறு ஆண்டே இந்தியா அதில் சேர்ந்தது. பூச்சியைக் காரணம் காட்டி அயல்நாட்டுச் சரக்கை வீணே தடுக்கும் வழக்கமும் உலகில் உண்டு. அதற்காகவே, தடைக்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று 1995-இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக உடன்பாடு விதித்தது.

நேயர்களே, இது கடல் கடந்த செய்தி மட்டுமன்று. 1961-இல் நீலகிரி உருளைக்கிழங்கில் பொன்னிற நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் அம்மலையின் விதைக்கிழங்கு வெளியே செல்லத் தடை வந்தது. நாட்டின் பிற வயல்கள் காக்கப்பட, அதன் சுமை மலைமேல் உள்ள உழவன் தலையில் விழுந்தது. தடையால் பயன் பெறுவோர், அதைச் சுமப்பவனை மறப்பது நியாயமாகாது.

வாழையின் முடிக்கொத்து நோயும் இத்தகையதே. தமிழ்நாடு உட்படச் சில மாநிலங்களிலிருந்து வாழைக்கன்று வெளியே போகக் கூடாது என்று மத்திய அரசு தடை விதித்தது. பழத்துக்கு அத்தடை இல்லை. பெர்ன் நகரில் மதுவுக்கும் கொடிக்கும் இடையே கண்ட அதே வேறுபாடுதான் இங்கே பழத்துக்கும் கன்றுக்கும் இடையே காணப்பட்டது.

டில்லியிலும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் வாழும் நம்மவர், ஊரிலிருந்து ஒரு கன்றையோ பதியனையோ கொண்டுவந்து வாசலில் நட விரும்புவது இயற்கை. அந்த ஆசை தவறன்று. ஆனால் அதன் வேரடி மண்ணில் என்ன இருக்கிறது என்பது நம் கண்ணுக்குத் தெரியாது. நமக்கு இடம் கொடுத்த ஊரின் வயலும் நம்முடைய வயலே என்று எண்ணினால், முறையாகச் சோதித்த நாற்றுப் பண்ணையில் கன்று வாங்குவது நமக்கு ஒரு குறையாகத் தோன்றாது.