போன்கேப்: மறைவதற்கென்றே கட்டப்பட்ட பாலம்

2007 ஜூனில், ஐபோன் விற்பனைக்கு வரவிருந்த வேளையில், வெளி நிரலாளர்களுக்கு ஸ்டீவ் ஜாப்ஸ் காட்டிய வழி ஒன்றே: சஃபாரி உலாவியில் இயங்கும் இணையச் செயலிகளை எழுதுவது. அவ்வழியின் எல்லை குறுகியது. உலாவிக்குள் இயங்கும் பக்கத்தால் கேமராவையோ தொடர்புப் பட்டியலையோ அணுக இயலவில்லை. 2008 மார்ச்சில் மென்பொருள் உருவாக்கத் தொகுதியும் ஜூலையில் ஆப் ஸ்டோரும் வந்தபின் அவ்வாற்றல்கள் வெளியாருக்கும் கிட்டின. ஆனால் அதற்கு அப்ஜெக்டிவ்-சி மொழி தெரிந்திருக்க வேண்டும். எச்டிஎம்எல்லும் ஜாவாஸ்கிரிப்டும் மட்டுமே அறிந்த பெருந்திரளினர் வாசலுக்கு வெளியே நின்றனர்.

அவர்களுக்காக உருவானதே போன்கேப். 2008 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஐபோன்டெவ்கேம்ப் என்னும் நிரலாளர் கூடலில் அது தோன்றியது. அதை வளர்த்தது வான்கூவரைச் சேர்ந்த நைட்டோபி நிறுவனம். வெளித்தோற்றத்தில் அது ஒரு நேட்டிவ் செயலி; உள்ளே இருப்பதோ முகவரிப் பட்டையற்ற உலாவிச் சாளரம். கருவியின் ஆற்றல் தேவைப்படும்போது, பக்கத்திலுள்ள ஜாவாஸ்கிரிப்ட் உண்மையில் இல்லாத ஒரு முகவரிக்குச் செல்ல முயலும். அம்முயற்சியை அப்ஜெக்டிவ்-சி நிரல் இடைமறித்து, முகவரிக்குள் பொதிந்துள்ள கட்டளையைப் படித்து நிறைவேற்றி, விடையை ஜாவாஸ்கிரிப்டாகவே பக்கத்திற்குள் செலுத்தும். ஒன்றையொன்று அறியாத இரு மொழிகளுக்கிடையே நிற்கும் துபாஷியின் பணி அது.

2011 அக்டோபரில் நைட்டோபியை அடோபி வாங்கியது. மூலநிரல் அப்பாச்சி அறக்கட்டளைக்கு வழங்கப்பட்டு, நைட்டோபியின் அலுவலகம் இருந்த வான்கூவர் தெருவின் பெயரால் கார்டோவா எனப்பட்டது. இத்திட்டத்தினர் வெளிப்படையாக அறிவித்த இறுதி நோக்கம் வியப்புக்குரியது: போன்கேப் இல்லாமற்போவதே அது. துபாஷி செய்யும் வேலையை உலாவியே கற்றுக்கொண்டால் துபாஷி தேவையில்லை. இந்த நம்பிக்கைக்கு அடிப்படையும் இருந்தது. இருப்பிடமறியும் வசதி 2009இலேயே ஐபோனின் சஃபாரிக்குள் வந்துவிட்டது.

இந்தியாவில் இந்த நம்பிக்கை ஒரே ஆண்டில் இரு திசைகளிலும் சோதிக்கப்பட்டது. 2015இல் ஃபிளிப்கார்ட் தன் கைபேசி இணையதளத்தை மூடி, வாடிக்கையாளரைச் செயலிக்கு அனுப்பியது. ஆனால் அவ்வாண்டு நவம்பரிலேயே ஃபிளிப்கார்ட் லைட் என்ற பெயரில் இணையத்திற்குத் திரும்பியது. முகப்புத்திரையில் சின்னம், அறிவிப்புகள், இணைப்பு அறுந்தாலும் திறக்கும் பக்கம் ஆகியவற்றை ஆண்ட்ராய்டின் குரோம் உலாவியே இப்போது வழங்கியது. இடையில் துபாஷி எவருமில்லை.

2020இல் அடோபி போன்கேப்பை நிறுத்தியது. பயன்பாடு குறைந்ததையும், இத்தகைய இணையச் செயலிகள் வளர்ந்ததையும் காரணங்களாகக் கூறியது. அறிவித்த நோக்கம் நிறைவேறியதாக இதைக் கொள்ளலாமா? பாலம் கட்டும் வேலை நிற்கவில்லை என்பதே விடை. கார்டோவா தொடர்ந்தது, அயானிக் நிறுவனத்தின் கெப்பாசிட்டர் 2019 முதல் அதே பணியைச் செய்கிறது. ஆண்ட்ராய்டில் 2015இலேயே இயன்ற இணைய அறிவிப்புகள் ஐபோனுக்கு 2023 மார்ச்சில்தான் வந்தன. அதுவும் முகப்புத்திரையில் சேர்க்கப்பட்ட செயலிகளுக்கு மட்டும். 2024 தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தில் அத்தகைய முகப்புத்திரைச் செயலிகளையே நீக்கப்போவதாக ஆப்பிள் அறிவித்து, எதிர்ப்பு வலுத்தபின் மார்ச் 1 அன்று முடிவைத் திரும்பப் பெற்றது.

இவ்வரலாறு பெரும்பாலும் தொழில்நுட்பக் குறைகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்த கதையாகவே எழுதப்படுகிறது. ஆயின் 2008இல் ஒரு பொய் முகவரியைக் கொண்டே தாண்டப்பட்ட இடைவெளி, அத்தனை தரநிலைகள் வந்தபின்னும் நீடிக்கிறதென்றால், அது திறன் சார்ந்த இடைவெளியாக இருக்க முடியாது, அதிகாரம் சார்ந்தது. கருவியின் எந்தக் கதவு எந்த மொழிக்குத் திறக்கும் என்பதை இயங்குதளத்தின் உரிமையாளரே தீர்மானிக்கும்வரை, துபாஷிகளுக்கு வேலை இருந்துகொண்டேயிருக்கும்.