இரத்தக் கால்சியக் குறைவு

இரத்தத்தில் கால்சியத்தின் அளவு இயல்புக்குக் கீழே இறங்கும் நிலை இது. வளர்ந்தவர்களுக்கு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இயல்பு. ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும். உடலின் கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. தேவைப்படும்போது அங்கிருந்து எடுத்து இரத்தத்தின் அளவை உடல் சரிக்கட்டிவிடும். எனவே பால் குடிக்காததால் மட்டும் இந்நிலை வருவது அரிது. சரிக்கட்டும் ஏற்பாடு பழுதாவதே பெரும்பாலும் காரணம்.

முதலில் போலிக் குறைவை விலக்க வேண்டும். இரத்தக் கால்சியத்தில் கிட்டத்தட்டப் பாதி, புரதங்களோடு, முக்கியமாக அல்புமினோடு, ஒட்டியிருக்கிறது. வேலை செய்வது தனித்திருக்கும் அயனிக் கால்சியமே. கல்லீரல் நோயில் அல்புமின் குறைந்தால் மொத்த அளவும் குறைவாகத் தெரியும், அயனி அளவு சரியாகவே இருக்கக்கூடும். பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு வாங்குபவருக்கு நேர்மாறு: மொத்தம் மாறாது, அயனி குறைந்து விரல்கள் இழுத்துக்கொள்ளும்.

உண்மையான குறைவை, மேற்சொன்ன சரிக்கட்டும் ஏற்பாட்டை நடத்தும் பாராதைராய்டு ஹார்மோனின் அளவை வைத்துப் பிரிப்பதே தெளிவான வழி. ஹார்மோன் குறைந்து வரும் வகைக்கு, வளர்ந்தவர்களிடம் முதன்மைக் காரணம் கழுத்து அறுவை. தைராய்டின் பின்புறம் பெரும்பாலும் நான்காக இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் அரிசிமணி அளவே இருப்பதால், தைராய்டை எடுக்கும்போது தவறிக் கூடவே வந்துவிடலாம். அவற்றின் இரத்த ஓட்டம் தடைபட்டாலும் போதும். உதடும் விரல்நுனியும் மரத்துப்போதல் ஓரிரு நாளில் தொடங்கும். சுரப்பியைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோயும், டிஜார்ஜ் நோய்த்தொகுதி போன்ற பிறவிக் குறைகளும் இவ்வகையே.

ஹார்மோன் மிகுந்தும் கால்சியம் குறைவாக இருந்தால், வைட்டமின் டி பற்றாக்குறை அல்லது நாட்பட்ட சிறுநீரக நோயைத் தேட வேண்டும். அவ்வைட்டமின் முழு வீரியம் பெறுவது சிறுநீரகத்தில்தான். கடுமையான கணைய அழற்சி, சிட்ரேட் கலந்த இரத்தத்தைப் பேரளவில் ஏற்றுதல், எலும்புத் தேய்மானத்துக்கான டெனோசுமாப் மருந்து ஆகியவையும் காரணமாகலாம். பாராதைராய்டு ஹார்மோன் சுரந்தும் உடல் அதற்குச் செவிசாய்க்காத பரம்பரை வகையும் உண்டு.

குறைமாதக் குழந்தைகளுக்கும் நீரிழிவுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கும் பிறந்த மூன்று நாளுக்குள் இது வரலாம். கன்று ஈன்ற பசுவைச் சாய்க்கும் ‘பால் காய்ச்சலும்’ இதுவே. பெயர்தான் காய்ச்சல், உடலோ பெரும்பாலும் குளிர்ந்திருக்கும்.

கடுமையான நிலையில் தசை இசிவு, வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு தோன்றும். அப்போது கால்சியம் குளுக்கோனேட்டை, இதயத் துடிப்பைக் கண்காணித்தபடி, சிரை வழியாக மெதுவாக ஏற்றுவர். மக்னீசியமும் குறைந்திருந்தால் அதையும் ஈடுசெய்யாமல் கால்சியம் நிலைபெறாது.